கினுயோவின் இடது கால்

"கண்ணைத் திறக்காமச் சொல்லுங்க. இடது கால் எங்க இருக்கு?"

ஜன்னல் பக்கம் நீட்டியிருக்கிறது என்றாள் கினுயோ. இப்போது பார்க்கச் சொன்னாள் இகராஷி டீச்சர். கினுயோ கண்ணைத் திறந்தாள். கால் மடங்கி வலது தொடைக்கு அடியில் கிடந்தது. ஜன்னல் பக்கம் வெறும் பாய். ஆனால் அங்கே ஒரு கால் கிடக்கும் கனம் போகவில்லை.

நரம்புகளை அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்து தபால் நிலைய வேலையை விட்ட பிறகு, வட ஜப்பானில் அசாஹிகாவா நகரின் வடக்கு ஓரத்தில் அவள் தனியாக இருந்தாள். இகராஷி யோகா சொல்லித்தருபவள். ஒருவருக்குக் கொடுத்த பயிற்சியை இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டாள். கினுயோவுக்கு அவள் அமைத்தது, நாற்காலியைப் பிடித்து நிற்பது, பாதத்தைப் பார்த்துக்கொண்டே அடி வைப்பது. படுத்து ஓயும்போதும் கண் திறந்திருக்க வேண்டும். கணப்பு தணிந்திருக்க வேண்டும். உடம்பு சூடானால் காலுக்குச் சேதி போகாது. பனிக்காலத்தில் வீட்டைக் கொதிக்கவிட்டு, அரைக்கைச் சட்டையோடு ஐஸ்கிரீம் தின்னும் ஊரில், அவள் மட்டும் கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஃபுசாயே வந்தாள். கினுயோ அறையிலிருந்து வாசல்வரை தானாக நடந்தால் வீடு அவளுக்கே இருக்கும். இல்லாவிட்டால் விற்றுவிட்டுப் பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டும். போனிலேயே பேசி முடித்திருந்தார்கள்.

வீடு பிணவறை மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு, தேநீர் போடப் போன வழியில் ஃபுசாயே கணப்பின் சூட்டை முழுக்கக் கூட்டிவிட்டாள். கினுயோவின் தோல் சூட்டை ஒழுங்காகச் சொல்வதை எப்போதோ நிறுத்தியிருந்தது. தேநீர் குடித்து முடித்து எழப் பார்த்தாள். கால் வரவில்லை.

அப்போது தட்டும் சத்தம் கேட்டது. விரலை மடக்கி மரத்தில் தட்டுவதுபோல, சீராக.

"யாரோ வந்திருக்காங்க."

கினுயோ மடியிலிருந்த போர்வையை விலக்கினாள். இடது குதிகால் பலகைத் தரையில் தானாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

"என் கால்தான்க்கா. சில நேரம் இப்படித் துள்ளும்."

"உன் கால் இங்க இருக்கு. சத்தம் வாசல்லேருந்துல்ல வருது."

கினுயோவுக்கும் அப்படித்தான் கேட்டது.

ஃபுசாயே கதவைத் திறந்தாள். யாருமில்லை. புதுப் பனியில் ஒரு தடமும் இல்லை. அவள் கதவைச் சாத்த மறந்து அங்கேயே நின்றாள். குளிர் தரையோடு உள்ளே வந்தது. வெகுநேரம் கழித்துத் துள்ளல் நின்றது.

கினுயோ நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். பாதத்தைப் பார்த்தபடி அடி வைத்தாள். வாசலுக்கு வந்து அக்காவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கதவைச் சாத்தினாள்.

"யாருடி தட்டினது?" என்றாள் ஃபுசாயே, தங்கை நடந்து வந்ததை இன்னும் கவனிக்காமல்.

மறுநாள் காலை ரயிலில் ஃபுசாயே போனாள். வீட்டை விற்கும் பேச்சு எழவில்லை. கணப்பு தணிந்திருந்தது. மத்தியானம் இகராஷி வந்து கதவைத் தட்டினாள். கினுயோ முதலில் குனிந்து காலைப் பார்த்தாள். அது அசையவில்லை. பிறகு போய்த் திறந்தாள்.