நிழலுக்கு லீவு கிடையாது

இரண்டாம் வகுப்புக்கு நீளம் அளக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்கேலைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் அதை வாளாக்கிச் சண்டை போடுகிறார்கள். அதனால் ஜூன் மாதம் பள்ளிக்கூட முற்றத்தில் என் தோள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை நட்டேன். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, சாயாமல் நிற்கிறதா என்று பிள்ளைகளே பார்த்துச் சொன்னார்கள். திங்கட்கிழமைதோறும் மத்தியானம் பன்னிரண்டே கால் தாண்டியதும் வெளியே வருவோம். குழாயின் நிழல் முடிகிற இடத்தில் ஒரு சோடா மூடியை மண்ணில் அழுத்திப் பதிப்போம். பிறகு புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து நிழலின் நீளத்தை எண்ணுவோம். முதல் வாரம் இருபத்தைந்து கொட்டை. அவ்வளவுதான் என் பாடம். அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

முதல் சில வாரம் நிழல் அசைந்த மாதிரியே இல்லை. ஜூலையில் குறைய ஆரம்பித்தது. சத்துணவுக் கூடத்தைப் பார்த்து நீண்டிருந்த நிழல் வாரத்துக்கு இரண்டு கொட்டை, மூன்று கொட்டை என்று குழாயை நோக்கிச் சுருங்கியது. பிள்ளைகளுக்குக் குஷி. எனக்கு அது கழித்தல் கணக்கு.

எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவான ஆடித்தபசு ஒரு திங்கட்கிழமையில் வந்தது. பள்ளிக்கு விடுமுறை. அடுத்த வாரம் பார்த்தால் மூடிகளின் வரிசையில் ஒரு இடம் விட்டுப்போயிருந்தது. இரண்டு ஜடை போட்ட ஒரு பிள்ளை, வகுப்பில் வாயே திறக்காதவள், கையில் ஒரு மூடியோடு வந்து அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தாள்.

“ஏட்டி, அன்னைக்கு நாம அளக்கவே இல்லையே?” என்றேன்.

“நமக்குத்தான டீச்சர் தபசு லீவு? நிழலுக்கு லீவு கிடையாதுல்லா. அது இங்கனதான் வந்துட்டுப் போயிருக்கும்.”

மூடியை நடுவில் வைத்து அழுத்தினாள். பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோல் சொல்ல ஏழு வயதில் இவளுக்கு எப்படி வந்தது?

அவள் அதோடு விடவில்லை. மிச்சமிருந்த தரையை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். “இன்னும் மூணு மூடி வச்சா குழாயில முட்டிரும். அப்புறம் நிழலே இருக்காது.”

“வெயில் அடிக்குத வரைக்கும் நிழலும் இருக்கும் மக்கா,” என்று சிரித்தேன். எல்லாப் பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை நாங்கள் முற்றத்துக்கு வந்த நேரம், கேட்டில் ஒரு பைக் வந்து நின்றது. அவளுடைய அப்பா. விசைத்தறியில் வேலை பார்க்கிறவர். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“டீச்சர், உச்சி வெயில்ல பிள்ளைகள நிறுத்துதீங்களாம்லா? வீட்ல வந்து சொல்லுதா. படிக்க அனுப்புதோமா, காய அனுப்புதோமா?”

“அஞ்சே நிமிஷம்தான் அண்ணாச்சி,” என்று நான் ஆரம்பிப்பதற்குள் மகள் கத்தினாள்.

“அப்பா, அங்கனயே நில்லுங்க! டீச்சர், நிழலக் காணும்!”

திரும்பிப் பார்த்தேன். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. சுள்ளென்று வெயில். குழாய் நிற்கிறது. தரையில் அதன் நிழல் இல்லை. நான் குனிந்து, குழாயைச் சுற்றி வந்து தேடினேன். எந்தப் பக்கமும் இல்லை. கேட்டின் கம்பிகளுக்கும் அவற்றின் அடியில் ஒரு கோடுதான். இருபத்திரண்டு பிள்ளைகளின் நிழலும் அவரவர் காலடியில் ஒண்டிக் கிடந்தது. ஒருவன் குதித்தான். அவனுக்குக் கீழே நிழல் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி காலுக்குள் போய்விட்டது. உடனே எல்லோரும் குதிக்க ஆரம்பித்தார்கள்.

சண்டைக்கு வந்தவர் தன் செருப்பைக் கழற்றி ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். தலையை உயர்த்திக் கண்ணைச் சுருக்கினார். “சூரியன் நெட்டுக்குத்தா நிக்குது டீச்சர்,” என்றார் மெதுவாக. “இத்தன வருசம் இதே வெயில்லதான நடக்கேன்.”

எனக்கும் நாற்பது வயதாகிறது. இதே ஊரில் பிறந்தவள். ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து, “நீ சொன்னதுதான் சரி, டீச்சர் சொன்னது தப்பு,” என்றேன். அவள் வெட்கப்பட்டு அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் புளியங்குடி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது போனில் தேடிப் படித்தேன். நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருஷத்தில் இரண்டே முறை. சித்திரை பிறக்கும்போது ஒன்று, ஆகஸ்ட் கடைசியில் ஒன்று. படிக்கப் படிக்க ஆச்சரியம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நிழல் மறுபக்கம், கேட்டைப் பார்த்து, மூன்று கொட்டை நீளத்துக்கு நீண்டிருந்தது. “இனி எதுவரைக்கும் டீச்சர் போவும்?” என்று கேட்டார்கள். நான் போனில் படித்திருந்தேன். சொல்லவில்லை. “மூடிய எடுங்க, பாப்போம்,” என்றேன்.

சில நாள் கழித்து அவளுடைய அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். பைக்கை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“மொட்டமாடியில ஒரு கம்ப நட்டு வச்சிருக்கா டீச்சர். கம்பு நிழல் மறையாம விழணுமாம். அவங்க அம்மாவத் துணி காயப்போட விடமாட்டேங்கா.”