‘மனம் மாறிவிட்டது’ என்றொரு காரணம்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பெல்சி கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். மூத்த மகளின் கல்யாணம். ஒரு பக்கத்தைப் புரட்டவே இரண்டு கை வேண்டும். இப்போதெல்லாம் ஆல்பம் அப்படித்தானே வருகிறது?

பெண் அழகு. மாப்பிள்ளையும் பரவாயில்லை. ஆனால் நான் பார்த்தது அவர்களை அல்ல, பெல்சியை. கோயில் படியில் நிற்கிறாள், பாதிரியார் பக்கத்தில் நிற்கிறாள், சம்பந்தியோடு நிற்கிறாள்... எல்லாப் படத்திலும் ஒரு கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். போட்டோக்காரர் பையை இறக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்தப் பையை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் இந்த வாரப் பத்தியில் உங்களைச் சிரிக்கவைக்கிற உத்தேசம் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெல்சி என் பக்கத்து வீட்டுக்காரி. திரேஸ்புரத்தில் பிறந்தவள். புருஷன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். பெயரை மாற்றியிருக்கிறேன் — “எழுதுங்கக்கா, பேரை மட்டும் மாத்திப் போட்டுருங்க” என்று அவளே அனுமதி கொடுத்துவிட்டாள். போன வருஷம் அவளுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் செய்து இடது பக்கத்தை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். பிழைத்தாள். கொட்டிய முடி திரும்ப வளர்ந்தது. மகளுக்கு நல்ல இடமும் அமைந்தது.

அதன் பிறகு அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. மகள் கல்யாணத்தில் பட்டுச்சேலை கட்டி, ஊர் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் தொய்ந்த ஜாக்கெட்டோடு கூனிக்கொண்டு நிற்கக் கூடாது. பெரிய ஆசையா இது?

இப்படிப்பட்டவர்களுக்கென்றே உள்ளாடை விற்கிறார்கள். உள்ளே ஒரு பை தைத்து, அதில் மெத்தென்று ஒன்றை வைத்திருப்பார்கள். எங்கே போய் வாங்குவது? ஜவுளிக்கடையில் நிற்கிற பெண் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை மகள். மருந்துக்கடைக்காரர் தினமும் கோயிலில் பார்க்கிற மனுஷர். மதுரையில் ஆஸ்பத்திரிப் பக்கம் கிடைக்கும் என்றார்கள். பத்திரிகை வைக்கிற நேரத்தில் மதுரைக்குப் போகிறேன் என்றால், கட்டி திரும்ப வந்துவிட்டதோ என்று மகள் அழுவாள். இந்த ஊரில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் அக்கறையானவர்கள்... அந்த அக்கறைக்குத்தான் அவள் பயந்தாள்.

ஆகவே ஆன்லைன். கேள்வி கேட்காத கடை. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த கடை.

முதலில் வந்தது பெரிது. திருப்பினாள். அடுத்தது தழும்பில் உரசியது. திருப்பினாள். சிகிச்சை உடம்பை ஊதவைத்தது, பிறகு வற்றவைத்தது. ஒரு மாதம் இருந்த அளவு மறு மாதம் இல்லை. மறுபடியும் திருப்பினாள்.

ஒவ்வொரு முறையும் அந்த ஆப் காரணம் கேட்கும். பொருள் சேதம், தவறான பொருள், அளவு சரியில்லை, மனம் மாறிவிட்டது — இதில் ஒன்றை அமுக்க வேண்டும். பெல்சி ஒவ்வொரு முறையும் அமுக்கியது ‘மனம் மாறிவிட்டது’.

ஏன் என்று கேட்டேன். பொட்டலத்தைத் திரும்ப எடுத்துப்போக வருகிறவர் அவள் புருஷனின் சித்தப்பா மகனாம். கொழுந்தன் முறை. பொருளின் பெயர் ‘மகளிர் உடை’ என்று பொதுவாகத்தான் வருமாம். ஆனால் காரணத்தை அவர் தன் போனில் பார்த்து, வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் எடுப்பாராம்.

“அளவு சரியில்லன்னு அமுக்குனா, என்ன அளவு மதினி, கடையில மாத்தித் தரச் சொல்லுதேன்னு நிப்பாரு. நல்ல மனுஷன்க்கா. நான் அவருட்ட என்னத்தச் சொல்ல? மனசு மாறிட்டுன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. பொம்பளைக்கு மனசு மாறும்னு எல்லாருக்கும் தெரியும்லா.”

கொழுந்தன் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கல்யாணம் நெருங்கிய நேரத்தில் ஒரு செய்தி வந்தது: உங்கள் கணக்கில் பொருட்களைத் திருப்பும் போக்கு வழக்கத்துக்கு மாறாக உள்ளது, இனி இந்தக் கணக்கில் ரிட்டர்ன் வசதி கிடையாது. போனை என்னிடம் நீட்டினாள். திருட்டுப் பட்டம் கட்டிய மாதிரி முகம் வெளுத்திருந்தது.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. என் சொந்தத்திலேயே ஒருத்தி இருக்கிறாள். ஆத்தூரில் கிரகப்பிரவேசம் என்றால் புதுச் சுடிதார் வரவழைப்பாள். விலைச்சீட்டை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு போட்டுப் போவாள், போட்டோ எடுப்பாள், பாயசம் சாப்பிடுவாள், மறுநாள் திருப்பிவிடுவாள். அவள் அமுக்குகிற காரணம் எப்போதும் ‘அளவு சரியில்லை’. அவள் கணக்கில் இன்றுவரை ஒரு கீறல் விழவில்லை! பொய் சொல்லிப் பழகியவளுக்கு எந்தப் பொய் செல்லும் என்று தெரிந்திருக்கிறது. கூச்சத்தில் ஒரு பொய் சொன்னவள் மாட்டிக்கொண்டாள்.

எங்கள் ஊர் ஜவுளிக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்த குடும்பம் என்றால் ஒரு கட்டுச் சேலையை வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள். பிடித்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்ப வேண்டியதுதான். அண்ணாச்சி மனசுக்குள் திட்டுவார், ஆனால் கணக்கை முடக்க மாட்டார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள் பெல்சி. திருப்பிக் கொடுப்பது குற்றம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ‘தாராளமாகத் திருப்பலாம், வாங்க வாங்க’ என்று கூப்பிட்டதே அவர்கள்தானே?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் சேவைக்கு நானே போன் போட்டேன். பாட்டெல்லாம் கேட்கவைத்து, கடைசியில் ஒரு பெண் வந்தார். பணிவான குரல். கணக்கு வைத்திருப்பவர்தான் பேச வேண்டும் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். அடிக்கடி திருப்பியதற்குத் தகுந்த காரணம் இருக்கிறதா என்று கேட்டார்.

பெல்சி என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். நான் எழுந்துபோய்ச் சாத்தினேன்.

“எனக்கு ஒரு பக்கம் எடுத்துட்டாங்க தங்கச்சி. அதான் ஒண்ணும் பொருந்த மாட்டேங்கு.”

பெற்ற தாயிடம்கூட அவள் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தப் பெண் அழுதுவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். அவரோ அதே பணிவான குரலில், புரிகிறது மேடம், பதிவு செய்துகொண்டேன், ஆனால் சிஸ்டம் எடுத்த முடிவை எங்களால் மாற்ற முடியாது என்றார். அவரைத் திட்டி என்ன பயன்? அவருக்கும் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் நின்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கும். போனை வைத்ததும், எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் என்று கேட்டுச் செய்தி வந்தது.

என் கணக்கில் ஆர்டர் செய்தேன். எங்கள் காம்பவுண்டில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கதவு எண். கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் பொருள் வந்தது, அதுவும் சிறிது. திருப்பலாம் என்று பார்த்தால், இந்த முகவரிக்கு ரிட்டர்ன் வசதி கிடையாதாம். எனக்கும் சேர்த்துப் பட்டம் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் பெல்சி கைக்குட்டைகளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். அது நழுவிவிடுமோ என்ற பயத்தில் எடுத்ததுதான் அந்தக் கைப்பை. மகள் கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில்கூட அவள் கண் பாதி நேரம் கீழே, தன் மேலேயே இருந்தது. ஒரு தாய்க்குத் திரும்பக் கிடைக்காத நிமிஷம் அது. அதை எந்தக் கணக்கில் வரவு வைப்பார்களாம்?

ஆல்பத்தை மூடிவைத்துவிட்டு பெல்சி போனை என்னிடம் கொடுத்தாள். அந்தக் கடையிலிருந்து செய்தி வந்திருந்தது: ‘உங்களை மிஸ் செய்கிறோம்! திரும்ப வாருங்கள்.’

கணக்கையே அழித்துத் தரச் சொன்னாள். அழிக்கப் போனேன். அவ்வளவு லேசில் விடுவார்களா? விலகுவதற்கான காரணத்தைத் தேர்வு செய்க என்று வரிசையாக நீட்டினார்கள். எதை அமுக்கட்டும் என்று கேட்டேன்.

போனை வாங்கி அவளே அமுக்கினாள். எதை என்று எட்டிப் பார்த்தேன். மனம் மாறிவிட்டது.

“இந்தத் தடவ நெசந்தான்க்கா.”