பெரிய ஐகான் ஐந்து

தில்லி லக்ஷ்மிபாய் நகர் சங்கரநாராயணனுக்கு மார்ச்சில் அமைச்சக வேலையிலிருந்து ஓய்வு. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் ஆலோசகராக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே ஆசை. பணத்துக்காக இல்லை. ஆபீஸ் போய்விட்டால் தன்னை 'சார்' என்று கூப்பிட தில்லியில் ஓர் ஆள் இருக்காது என்று மனுஷர் நிஜமாகவே பயந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அமைச்சகத்துக்கு நானூறு புதுக் கம்ப்யூட்டர்கள் வந்திறங்கின. திறந்ததும் யார் திரையில் என்னென்ன தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை அவர் தலையில் விழுந்தது. இரண்டு திரை வகுத்தார். 'ஆரம்பநிலை' என்றால் பெரிய ஐகான் ஐந்து, வேறெதையும் தொட முடியாது. 'நிபுணர்' என்றால் எல்லாம் திறந்து கிடக்கும். எது வேண்டும் என்று அவரவரையே படிவத்தில் டிக் போடச் சொன்னார். தனக்கு ஒன்றும் தெரியாது என்று கோப்பில் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்குப் பைத்தியம்? அத்தனை பேரும் நிபுணர் ஆனார்கள். ஒப்பந்த ஊழியர்களை யாரும் கேட்கவே இல்லை. அவர்கள் மொத்தமாக ஆரம்பநிலை.

ஒரே வாரம். இணைச் செயலர் எதையோ தட்டப்போக, எழுத்தெல்லாம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. நிபுணர் எப்படி வாய்விட்டுக் கேட்பார்? கழுத்தைச் சாய்த்தே படித்தார். மூன்றாம் நாள் கழுத்தில் பட்டையோடு வந்து, "சங்கர்ஜி, ஆப்கா ஃபைல் மேரே பாஸ் ஹை" என்றார். உங்கள் ஃபைல் என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம்; ஆலோசகர் பதவிக்கான கோப்பு அவர் மேஜையில்தான் இருந்தது. சங்கரநாராயணன் உடனே ஆள் தேடி ஓடினார்.

திரையை நிமிர்த்தியவள் மேகலா. தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்த பிறகு ஊர்க்கோடி நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வருகிற ஒப்பந்த டைப்பிஸ்ட்.

"இவருக்கு அந்த அஞ்சு ஐகானே போதும் சார்," என்றாள் வெளியே வந்து.

"நீங்க ஆரம்பநிலைன்னு அவர்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

"பேர மாத்திடுங்க. அதுக்கு 'உயர் அதிகாரி திரை'ன்னு வையுங்க. எல்லாம் தெறந்து கெடக்கறத 'ஒப்பந்த ஊழியர் திரை'ன்னு எங்க தலையில கட்டிடுங்க. ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டாங்க."

பெயர் மாறியது. அதிகாரிகள் ஐந்து ஐகானையும் பார்த்துப் பூரித்துப்போனார்கள். யோசனை யாருடையது என்று சங்கரநாராயணன் கோப்பில் எழுதவில்லை, மறந்துவிட்டது போலும். யாரும் குட்டையைக் குழப்பாமலிருக்க ஒரு விதியை மட்டும் மறக்காமல் சேர்த்தார். தன் பதவிக்குரிய திரை வேண்டாம் என்பவர், 'இதை இயக்க எனக்குத் தெரியாது' என்று கைப்பட எழுதித் தர வேண்டும். இணைச் செயலர் மகிழ்ந்துபோய் விதிக் கோப்பு, ஆலோசகர் கோப்பு இரண்டிலும் கையெழுத்திட்டார்.

ஏப்ரலில் ஆலோசகர் சங்கரநாராயணன் புது நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். ஆலோசகர் என்றால் ஒப்பந்த ஊழியர்தானே. திரையில் நூறு சமாச்சாரம் இருந்தது, அவருக்குத் தெரிந்த ஐந்தைக் காணோம்.

"மேகலா, ஜரா ஜல்தி வாம்மா. அந்த அஞ்சு ஐகானை இதுல போட்டுடு."

மேகலா ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள்.

"எழுதிக் குடுங்க, போட்டுடறேன். நீங்க போட்ட விதிதான்."

பேனாவை எடுத்தார், வைத்தார். "பரவாயில்ல, பழகிக்கறேன்."

சாயங்காலம் வரை திரையை வெறித்துக்கொண்டே இருந்தார். ஐந்தரைக்கு மேகலா பையை எடுத்துக்கொண்டு, "வரேன் சார்" என்றாள். அவர் ஆசைப்பட்டது அந்த 'சார்' ஒன்றுக்குத்தானே. கிடைத்துவிட்டது.