கஞ்சி போட்ட குல்லா

மகளுக்கு மாசிப் பிறப்பை ஒட்டித்தான் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். மார்கழி முதல் வாரத்திலேயே தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு வாடகைக் காரில் போனோம். வழியிலிருந்த வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே போனேன். எண்ணாமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன். அன்று சாயங்காலமே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

மருமகன் அப்போது போர்வெல் போடுகிற ரிக் லாரியோடு சத்தீஸ்கரில் இருந்தார். பாதிக் குழியில் லாரியை விட்டுவிட்டு வர முடியாது என்று போனில் தழுதழுத்தார். அதனால் மூன்று பேரும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். மகள் வார்டில். என் மனைவி அவளுக்குத் துணை. நான் வீட்டில் சமைத்துத் தினமும் பஸ்ஸில் தூக்குப்போசியோடு போய்வருவது.

குழந்தையைத் தனி அறையில் சூட்டு விளக்குக்குக் கீழே வைத்திருந்தார்கள். மூச்சு நன்றாக விடுகிறது, பாலாடையில் கொடுத்தால் பாலும் இறங்குகிறது, ஆனால் விளக்கை விட்டு எடுத்தால் உடம்பு குளிர்ந்துவிடுகிறது என்றார் டாக்டரம்மா. உடம்பு தானாகச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வரை தாயிடம் கொடுக்க மாட்டார்கள். ஒருமுறை எடுத்துப் பார்த்தார்கள். அரை மணியில் பாதம் சில்லிட்டுவிட, மறுபடியும் விளக்குக்கே போய்விட்டது. அதிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடவில்லை. பால் குறைந்துகொண்டே வந்தது. பிழிந்து எடுத்து அனுப்புகிற பால் முதலில் கிண்ணத்தில் பாதிக்கு இருந்தது, பிறகு அடியை மறைத்தால் போதும் என்று ஆனது. பிள்ளையை மார்பில் போட்டால்தான் பால் ஊறும், பிள்ளையைக் கொடுக்கச் சூடு நிற்க வேண்டும். இது எங்கே போய் முடியுமோ என்பதுதான் எனக்கு இரவும் பகலும் ஒரே நினைப்பு.

என்னால் ஆனது சமையல். மகளுக்குப் பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், குழைந்த பச்சரிசிச் சோறு. மனைவிக்கு அந்தப் பருவத்துப் பச்சை மொச்சை. வாரச்சந்தையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. தண்ணீரில் ஊறப்போட்டுத் தோலைப் பிதுக்கி, பிதுக்கின பருப்பில் குழம்பு வைப்பேன். ஒவ்வொன்றாகப் பிதுக்கும்போது எண்ணுவேன். முந்நூறைத் தாண்டினால் ஒரு ஆளுக்குப் போதும். பெற்றவளுக்கு மொச்சை கூடாது, பிள்ளைக்கு வயிறு உப்பும் என்று மனைவி போனில் தினமும் ஒருமுறை எச்சரிப்பாள். அதனால் போசியில் மொச்சையை மட்டும் கடைசி அடுக்கில் வைப்பேன்.

குழந்தைக்குத் தலைதான் பாதி உடம்பு. சூடெல்லாம் அது வழியாகத்தான் போகிறது. கடையில் வாங்கிய குல்லா மூக்கு வரை இறங்கியது, போதாததற்கு அது சிந்தெட்டிக். வெறும் பருத்தி நூலில் சின்னதாக ஒன்று பின்னிக்கொண்டு வரமுடியுமா என்று அங்கிருந்த நர்ஸ் என் மனைவியிடம் கேட்டார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். மனைவி என்னைக் கை காட்டினாள்.

"அவரு பின்னுவாருங்க."

"தாத்தாவா?"

"ஆமாங்க. ரிட்டையர் ஆன புதுசுல ஊட்டுல இருக்கற டப்பாவையெல்லாம் எண்ணிக்கிட்டுத் திரிஞ்சாரு. கையில ஊசியக் குடுத்துட்டேன். இப்ப கண்ணிய எண்ணிக்கிட்டுக் கெடக்கறாரு."

அது உண்மைதான். நான் நூற்பாலையில் நூலின் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவன். முப்பத்தொரு வருஷம் நூலின் முறுக்கையும் எடையையும் அளந்து அளந்து எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பெட்டி ராட்டை வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் தக்ளியில் நூற்றது கைக்கு மறக்கவில்லை. மனைவி தையல் டீச்சராக இருந்தவள். நான் நூற்பதை அவள் பின்னுவாள். அவளுக்கு விரல் மூட்டு வலி வந்தபின் பின்னலும் என்னிடமே வந்துவிட்டது.

நர்ஸ் உள்ளே போய், மருந்துத் துணியில் ஒரு பட்டை கிழித்துக் குழந்தையின் தலையைச் சுற்றி அளந்து வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். சட்டைப்பையில் வைத்தேன். பஸ்ஸில் இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். என் ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

வீட்டில் நான் நூற்ற நூல் ஒரு உருண்டை இருந்தது. மூன்று இழையைச் சேர்த்து முறுக்கி, மெல்லிய ஊசியில் அறுபத்துநான்கு கண்ணி போட்டேன். நாலு வரிசை முடிந்ததும் துணிப்பட்டையை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் அகலமாக இருந்தது. பிரித்துவிட்டு ஐம்பத்தெட்டில் ஆரம்பித்தேன். பட்டைக்குச் சரியாக, நூல் பிசகாமல் வந்தது. மறுநாள் பத்தியச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி, மதியத்திலிருந்து பின்னி, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் உச்சியை முடிந்துவிட்டேன்.

மனைவி போன் செய்தாள். நாளை மதியம் ரவுண்ட்ஸில் டாக்டரம்மா மறுபடி எடுத்துப் பார்க்கப் போகிறாராம். குல்லா மாட்டி, தாயின் வெற்று மார்பில் போட்டுக் கட்டி ஒரு மணி நேரம் வைப்பார்களாம். சூடு நின்றால் தாயிடமே விட்டுவிடுவார்கள். நிற்காவிட்டால் இன்னும் ஒரு வாரத்துக்கு எடுக்கவே மாட்டார்கள். "நல்லாத் தொவச்சு எடுத்துட்டு வரச் சொன்னாங்க, மறந்துறாதீங்க" என்றாள்.

மறப்பேனா. காலையில் எழுந்ததும் குல்லாவைக் கொதிநீரில் அலசினேன். சோப்பு போடாமல் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கசக்கினேன். அதற்குள் அடுப்பில் சோறு வெந்திருந்தது. வடித்தேன். அன்று என் வேட்டிகளும் துவைத்துக் கிடந்தன. வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு விளாவி, வேட்டிகளை முக்கி எடுத்தேன். கூடவே குல்லாவையும் முக்கி எடுத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசிக்கவே இல்லை. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் பக்கத்தில் வெள்ளைத் துணியைத் துவைப்பது என்றால் கஞ்சி போடுவதும் சேர்த்துத்தான். கஞ்சி போடாத வேட்டியைக் கட்டிக்கொண்டு யாரும் ஒரு நல்லதுக்குப் போகமாட்டார்கள். டாக்டர் பார்க்கப்போகிற குல்லா துவண்டு கிடந்தால் மரியாதையா? ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி அடுப்போரம் வைத்தேன். கிளம்பும்போது எடுத்தால், டம்ளர் இல்லாமலே அது தானாக நின்றது. துணிப்பட்டையை வைத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது. நசுங்காமலிருக்கத் தனிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

நர்ஸ் பையிலிருந்து எடுத்தார். விரலால் ஒரு தட்டு தட்டினார். சத்தம் கேட்டது.

"என்ன தாத்தா இது, கொட்டாங்குச்சி மாதிரி இருக்கு?"

"சுத்தமாத் தொவச்சு, கஞ்சி போட்டிருக்கறனுங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பிள்ளையின் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கிறது, இது பட்டால் உரசிவிடும், மாட்ட முடியாது என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். டாக்டரம்மா வர இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, அதற்குள் வேறு ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார். ராசிபுரம் போய்த் திரும்பவே அந்த நேரம் பத்தாது. வார்டுக் கதவிடுக்கில் மகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தலை வாரி, முகம் கழுவி, பிள்ளைக்காகத் தயாராக இருந்தாள்.

மனைவி என் கையிலிருந்து குல்லாவைப் பிடுங்கினாள். தூக்குப்போசியின் காலி அடுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். கடைக்காரர் பாய்லரிலிருந்து கொதிநீர் பிடித்துக் கொடுத்தார். அவள் மூட்டு வலி விரலோடு கசக்கக் கசக்க, தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. மூன்றாவது தண்ணீரில்தான் தெளிந்தது.

"அர டம்ளர் கஞ்சி எறங்கியிருக்குது. உப்புப் போட்டு உங்களுக்கே குடுத்துருக்கோணும்" என்றாள்.

நான் அடுக்கைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினேன்.

இனி காயவேண்டும். மார்கழி வெயில் ஏறவே மாட்டேன் என்றது. மரத்தடி இஸ்திரி வண்டியைப் பார்த்தேன். வண்டி மட்டும் நின்றது, ஆள் இல்லை. ஈரக் குல்லாவை என் துண்டில் சுருட்டிப் பிழிந்துகொண்டு வெயில் விழும் இடமாகப் பார்த்து நடந்தேன். அப்போது வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்றது, ஆளை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். டிரைவர் கதவில் சாய்ந்து நின்றார். ஈரத் துண்டோடு நான் தவிப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"தம்மம்பட்டியிலருந்து நிக்காம வாரனுங்க. பானெட்டு தோசைக்கல்லாட்டம் கெடக்குது. அதுல போடுங்க சாமி" என்றார்.

வண்டியிலிருந்து துவைத்து மடித்த விரிப்பு ஒன்றை எடுத்துப் பானெட் மேல் இரண்டாக மடித்துப் போட்டார். அதன்மேல் குல்லாவை வைத்து இன்னொரு மடிப்பால் மூடினேன். ஆவி வந்தது. நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் நின்று, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டோம். போன் வந்தால் கிளம்பிவிடுவேன் என்று அவர் சொல்லி வைத்திருந்ததால், அவர் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வரவில்லை. பானெட் ஆறும்போது குல்லாவும் காய்ந்திருந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம் துளியும் இல்லை.

ஆனால் குல்லா சுருங்கியிருந்தது. துணிப்பட்டையை வைத்தால் இரண்டு விரல் குறைந்தது. மனைவியிடம் காட்டினேன். அவள் இரண்டு கட்டை விரலையும் உள்ளே விட்டு இழுத்தாள். விரிந்தது. விட்டாள். சேர்ந்துகொண்டது.

"தலைக்குச் சரியாப் பின்னுனா அது எப்படிங்க புடிச்சு நிக்கும்? குல்லான்னா தலையவிடச் சின்னதாத்தான் இருக்கோணும். இப்பத்தான் குல்லாவாட்டம் இருக்குது" என்றாள்.

நர்ஸ் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே கொண்டுபோனார்.

ஆண்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா உள்ளே போனார். கதவு மூடியது. எதிர்ச் சுவரின் ஓடுகளை எண்ண ஆரம்பித்து, இரண்டாம் வரிசையிலேயே விட்டுப்போனது. திரும்ப ஆரம்பித்தேன். திரும்பவும் விட்டுப்போனது. அரை மணி ஆனபோது போன தடவை நினைவு வந்து எழுந்து நின்றுவிட்டேன். யாரும் வெளியே வரவில்லை. யாரும் ஓடவும் இல்லை.

கடைசியில் மனைவி வந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். அழுதிருந்தாள், அதனால் ஒன்றும் தெரியவில்லை.

"வயிறும் சூடா இருக்குது, காலும் சூடா இருக்குதுங்க. வெளக்குக்குப் போக வேண்டாம்னுட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

பிறகு டாக்டரம்மா போனதும் நர்ஸ் என்னை வாசற்படி வரை வரவிட்டார். மகளின் சேலைக்குள் ஒரு மூட்டை. மூட்டைக்கு மேலே குல்லா மட்டும் தெரிந்தது. அது மெல்ல ஏறி இறங்கியது. மகள் என்னைப் பார்த்து, "பசிக்குதுங்கப்பா" என்றாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் வாயால் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

மனைவி ஊட்டிவிட்டாள். பூண்டுக் குழம்பும் சோறும் தீர்ந்தது. கீரை தீர்ந்தது. கடைசி அடுக்கில் என்ன என்று மகள் கேட்டாள். மொச்சை என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு வாய் என்றாள். கூடவே கூடாது என்றாள் என் மனைவி. நர்ஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஒரே ஒரு பருப்பை எடுத்து, குழம்பை வழித்துவிட்டு, மனைவி அவள் நாக்கில் வைத்தாள். "உப்பு பத்துலீங்கப்பா" என்றாள் மகள்.

நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ராசிபுரத்துக்குச் சீட்டு எடுத்து, போசியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டேன். மருமகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பின்னால் ரிக் ஓடுகிற சத்தத்தில் அவருக்கு எவ்வளவு கேட்டதோ, "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பஸ் சேலத்தைத் தாண்டியது. அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

கண்டக்டர் தோளைத் தட்டினார். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் வண்டி காலியாக நின்றிருந்தது. ராசிபுரத்தில் பெரியவரே, பெரியவரே என்று கூப்பிட்டாராம். நல்ல தூக்கத்தில் இருந்ததால் எழுப்ப மனசு வரவில்லை என்றார். மேற்கொண்டு சீட்டுக்குக் காசு எடுத்தேன். வேண்டாம், இறங்குங்கள் என்றார். கூட்டத்துக்கு நடுவே நின்று மனைவிக்குப் போன் செய்து எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. போனில் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே, திரும்பிப் போகிற பஸ் எங்கே நிற்கிறது என்று தேடாமல், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.