வெள்ளைப் புகை என்று நான் சொன்ன பொய்

அமல்ராஜ் மாமா ஒன்பது வருடம் வடக்கே தாபோடியில் இருக்கும் எங்கள் மாதா கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. சாமி இல்லை என்கிற கட்சி அல்ல அவர். பூசை வைக்கும் சாமியாருக்கே பக்தி போதாது என்கிற கட்சி. தொழிற்சாலையில் வெல்டர். லத்தீன் ஜெபங்கள் தலைகீழாகத் தெரியும். அர்த்தம் கேட்டால் அடிக்க வருவார்.

"ஆண்டவருக்கு முதுகைக் காட்டி, சனத்தைப் பாத்துப் பூசை வெக்கிறாங்க. திருச்சபை எப்படி உருப்படும்?" என்பார்.

1996இல் பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியைப் பெயர்க்க வந்தார்கள். அதைப் பிடித்து முழந்தாளிட்டு, நாக்கில்தான் மாமா நற்கருணை அப்பம் வாங்குவார். இனி நின்றுகொண்டு கையில் வாங்கினால் போதும் என்றது கோயிலை நிர்வகிக்கும் பங்குப் பேரவை. மாமா கிராதியைக் கட்டிக்கொண்டார். பேரவைத் தலைவர் சவரிமுத்து கடப்பாரையை ஓங்கினார். மாமா அவர் மூக்கை உடைத்தார். நாலு பேர் சேர்ந்து மாமாவின் வலது முட்டியை உடைத்தார்கள்.

"அடுத்த போப்பாண்டவர் வந்து எல்லாத்தையும் நேராக்குவார்யா! அன்னைக்குத்தான் உள்ள வருவேன்!" தெருவில் இழுத்துப் போடும்போது கத்தினாராம்.

2005 ஏப்ரலில் போப்பாண்டவர் இறந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ரோமில் கர்தினால்மார் கூடினார்கள். கரும்புகை வந்தால் முடிவாகவில்லை; வெண்புகை என்றால் ஆள் கிடைத்துவிட்டார், ஊர்க் கோயில்களில் மணி அடிப்பார்கள். எங்கள் வீட்டு டிவி முன்னால் இரண்டு நாளாக மாமா தவம் கிடந்தார். பத்தொன்பதாம் தேதி மதியம் அவர் வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தபோது புகை வந்தது. கறுப்பு. என் வாய்தான் சும்மா இருக்காதே.

"மாமா! வெள்ளை! வெள்ளைப் புகை!"

அரைக் கன்னத்தில் நுரையோடு கோயிலுக்கு ஓடினார். நொண்டிக் கால் அவ்வளவு வேகம் போகும் என்று யார் கண்டார்கள்? "பொய் மாமா, பொய்!" என்று பின்னாலேயே கத்தினேன். அதற்குள் கோயில் மணி அலறியது.

நான் போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலில் சவரிமுத்துவும் அவர் மகன்களும் மணிக்கயிற்றாலேயே மாமாவை விளாசிக்கொண்டிருந்தார்கள்.

"கறுப்புப் புகைக்கு மணி அடிக்கிறியா, பாகல்? பைத்தியமா ஒனக்கு? கோயிலை நக்கல் பண்றியா?"

தலை படிக்கல்லில் மோதியது. நுரை ரோஸ் நிறமானது.

"எவன்டா ஒனக்கு வெள்ளைன்னு சொன்னது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

"எவனும் சொல்லல. என் கண்ணுக்கு வெள்ளையாத்தான் தெரிஞ்சுது."

அதற்கும் ஓர் உதை விழுந்தது.

அன்று இரவே நிஜ வெண்புகை வந்தது. ஒன்பது தையலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நர்ஸிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கோயிலுக்குள் வந்தார். வெறுந்தரையில் முழந்தாளிட்டு நாக்கை நீட்டினார். சாமியார் ஒரு கணம் சவரிமுத்துவைப் பார்த்தார். பிறகு நாக்கில் வைத்தார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. முட்டி மடங்கியபடியே நின்றுவிட்டது. பிடிக்கக் கிராதி இல்லை. வரிசை முழுக்க வேடிக்கை பார்த்தது.

நான் போய்ப் பக்கத்தில் முழந்தாளிட்டேன். என் தோளில் மொத்தப் பாரத்தையும் போட்டு அழுத்தினார்.

"ஆடாம இரு, கழுத" என்றார்.

ஆடவில்லை.