வெதர்லோ என்ற பெயரும் ஒரு படி தவிடும்

ஆடி முதல் சனிக்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து என் கார் கிளம்பியது. கிளம்பிய இடம் என் கடை வாசல். தலைக்கு மேலே எட்டடி நீளத்தில் 'வெதர்லோ மோட்டார் வைண்டிங்' என்று பலகை தொங்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் எரிந்துபோன மோட்டாரை முகர்ந்து பார்த்தே எந்தச் சுற்றில் எரிந்தது என்று சொல்லிவிடுவேன். மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் ஏறுகிறது என்றால் அதில் பாதி என் கை சுற்றிய தாமிரக் கம்பி ஏற்றுவது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். பெருமைக்காகச் சொல்வதென்றால் இன்னும் நிறைய இருக்கிறது.

என் முழுப் பெயர் அருளப்பன் வெதர்லோ. என் அப்பா, தாத்தா எல்லோருக்கும் அந்த வால் உண்டு. எப்படி வந்தது என்று அப்பாவிடம் கேட்டால், "தென்காசிப் பக்கத்துப் பேருலே அது" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. சின்ன வயதிலேயே பிழைப்புக்கு மதுரை வந்தவர்.

இந்த வயதில் எனக்கு அந்த ஊருக்குப் போகவேண்டி வந்தது என் பேத்தி ஜெபாவின் கல்யாணத்தால். மாப்பிள்ளையின் அப்பா செல்வராஜ் ராஜபாளையத்தில் நூல் வியாபாரி. நல்ல மனிதர்தான். பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரத்தில் போன் செய்தார்.

"சம்பந்தி, பத்திரிகையில அந்த இங்கிலீஷ் பேரு வேண்டாமே. அருளப்பன்னு மட்டும் போட்டாப் போதும்."

"ஏன்?"

"எங்க சனம் ஒரு மாதிரி பேசுது."

"என்ன மாதிரி?"

"வெள்ளைக்காரன் பேரு சும்மா வந்துருமான்னு கேக்குறாங்க சம்பந்தி. நான் கேக்கல."

இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்திலேயே ஒருவன் கேட்டான். அவன் சிலேட்டை உடைத்தேன். சம்பந்தியிடம் உடைக்கச் சிலேட்டு இல்லை. "சனிக்கிழமை தென்காசிக்குப் போறேன். நீங்களும் வாங்க. அங்கே என்ன சொன்னாலும் ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்போம்" என்றேன். பெயரை எடுப்பதாக மட்டும் சொல்லவில்லை.

திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ராஜபாளையம் போய்ச்சேர ஏழே கால். மதுரையிலிருந்து எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். செல்வராஜ் இஸ்திரி போட்ட வேட்டியில் பேருந்து நிலையத்து எதிரில் நின்றிருந்தார். காபி குடித்தோம், ஒன்று இருபத்தைந்து ரூபாய். என் டிரைவர் மாரியப்பன் காபியைப் பார்த்து, "இந்தத் தண்ணிய ஏத்த மோட்டாரே வேண்டாம் முதலாளி" என்றான்.

சிவகிரி தாண்டும்போது மேற்கே மலை கறுத்துக்கிடந்தது. சம்பந்தி பேச்சை எங்கோ தொடங்கி எங்கோ கொண்டுவந்தார்.

"உங்க வீட்டுல பிறந்த குழந்தையத் தவிட்டு மேல படுக்க வைப்பீங்களாமே. உங்க பேத்தி எங்க பையன்கிட்டச் சொல்லிச் சிரிச்சிச்சாம்."

"முதல் நாள் மட்டும். துணிக்கு அடியில ரெண்டு கை தவிடு. ஈரத்தை இழுக்கும்."

"ஈரத்துக்குத்தான் ரப்பர் சீட்டு இருக்கே."

"எங்க வீட்டுல தவிடுதான்" என்றேன். என் அம்மா எனக்குச் சொன்னது, நான் என் மருமகளுக்குச் சொன்னது, அதுதான்.

பெயரைப் பற்றி எனக்கு ஒரு பக்கம் ஏற்கெனவே தெரியும். என் மகன் தானியேல் இங்கிலாந்தில் நர்சு வேலை பார்க்கிறான். லீவு நாளில் விசாரித்திருக்கிறான். வெதர்லோ என்பது முதலில் ஆளின் பெயரே இல்லையாம், இடத்தின் பெயராம். 'வெதர்' என்றால் காயடித்த கிடா. 'லோ' என்றால் மேடு. கிடா மேய்ந்த மேடு. அந்த மேட்டில் இருந்த பண்ணைக்காரர்களுக்கு அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. இப்போது பண்ணையும் இல்லை, மேட்டை யாருக்கும் அடையாளம் காட்டத் தெரியவில்லை. அந்தப் பெயர் வைத்த வீடுகள் அந்த நாடு முழுவதும் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அதில் ஒரு வீட்டில் இருப்பவர் கல்யாணம் ஆகாத ஒரு கிழவர். மகன் போய்ப் பார்த்தபோது, "எனக்குப் பிறகு இந்தப் பக்கம் பெயர் முடிந்தது" என்று சொல்லிவிட்டு பிஸ்கோத்து கொடுத்தாராம். இதை நான் சம்பந்தியிடம் சொன்னேன்.

"காயடிச்ச கிடாவா" என்று சிரித்தார்.

"ஆமா. அவங்க ஊர்ல அது பேருக்கு ஏத்த மாதிரி ஆயிருச்சு. எங்க வீட்டுல எனக்கு மட்டும் மூணு பிள்ளை, எட்டுப் பேரப்பிள்ளை."

ஒன்பது மணிக்குத் தென்காசி. பெரிய கோயில் கோபுர வாசலில் எந்நேரமும் ஆளைத் தள்ளுகிற காற்று அடிக்கும். சம்பந்தி வேடிக்கை பார்க்கப் போய் இஸ்திரி வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பினார். பஜாரில் எலக்ட்ரிக் கடை, மருந்துக் கடை, எங்கள் மாதா கோயில் என்று மூன்று இடத்தில் பெயரைச் சொல்லி விசாரித்தேன். மூன்று இடத்திலும் உதட்டைப் பிதுக்கினார்கள். டீக்கடையில்தான் ஒருவர் சொன்னார்: "வெதர்லோவா? ஐந்தருவி ரோட்டுல ஒரு பழக்கடையில அப்படி எழுதியிருக்கும் அண்ணாச்சி. ஏதோ கம்பெனி பேருன்னு நெனச்சேன்."

குற்றாலம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். சாரல் பிடித்துவிட்டது. பேரருவியில் தண்ணீர் அதிகம் என்று போலீஸ் விசில் ஊதி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்து நின்றவர்கள் முகத்தில் அருவியே ஏமாற்றிவிட்ட மாதிரி கோபம். வண்டி நிறுத்த ஐம்பது ரூபாய். நாங்கள் நிறுத்தவில்லை, ஐந்தருவிக்கு விட்டோம்.

தார்ப்பாய்க்கு அடியில் மங்குஸ்தான், ரம்புட்டான், பலா. மேலே தகரத்தில் கையால் எழுதியிருந்தது: வெதர்லோ பழக்கடை. என் பெயரை வேறொருவர் கடையில் நான் பார்ப்பது அதுதான் முதல்முறை. என் பலகையைத் திருடி மாட்டிவிட்ட மாதிரி முதலில் கோபம்தான் வந்தது.

கடையில் அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா. பெயர் ஞானம்.

"ரம்புட்டான் கிலோ இருநூத்தி நாப்பது அண்ணாச்சி. சாப்பிட்டுப் பாத்து வாங்குங்க."

"மேல எழுதியிருக்கிறது யார் பேரு?"

"எங்கப்பா பேரு. நீங்க எதுக்குக் கேக்கீய, வரி ஆபீசா?"

நான் டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டினேன். அவள் வாசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள். பிறகு பழக்கூடையை நகர்த்தி இடம் செய்து, "இரிங்க" என்றாள். "மதுரைக்குப் போன செல்லையா சித்தப்பா மகனா நீங்க? இத்தன வருசம் எங்கன இருந்தீய?"

செல்லையா என் அப்பா. ஆக அவள் எனக்குத் தங்கை முறை. சம்பந்திக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. சம்பந்தி முன்னாலேயே கேட்டேன்: "தங்கச்சி, நமக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சு? எதுவா இருந்தாலும் சொல்லு. இவர் கேக்கத்தான் வந்திருக்கார்."

"அதுல மறைக்க என்ன இருக்கு? நம்ம பூட்டனத் தவிட்டுக்கு வித்தாங்க."

சின்ன வயதில் 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று யார் வீட்டில்தான் கேலி செய்யவில்லை. அந்தக் கேலியின் அடி வேர் இதுதான்: பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த பிள்ளையை ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டு இன்னொருவருக்கு விற்றுவிடுவார்கள். பேச்சுக்குத்தான் விற்பது. பால் கொடுத்து வளர்ப்பது பெற்றவள்தான். ஆனால் சாவு வந்து இவள் பிள்ளையைத் தேடினால், இவளுக்குப் பிள்ளை இல்லை. ஏமாந்து போய்விடும். கல்யாண வயதில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்பார்கள்.

ஞானம் பழத்தை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அன்னம்னு பேரு, பூட்டனோட அம்மாவுக்கு. ரெண்டு பிள்ள தங்கல. மூணாவத அடுத்த வீட்டுக்காரிக்கு வித்துப் பாத்தா. அதுவும் நிக்கல. அடுத்த வீடுன்னா சாவுக்கு எட்டிப் பாத்தாத் தெரிஞ்சிரும்லா? நாலாவது பிறந்ததும், வாசல்ல நின்னு கேக்கவே சாவு பயப்படுத ஆளாப் பாத்து விக்கணும்னு நெனச்சா. அப்பம் செங்கோட்டைக்கு ரோடு போட வந்த வெதர்லோ தொரை இங்கன பங்களாவுல இருந்தாரு. குதிரைக்குத் தவிடு மூடை மூடையாக் கெடக்கும். போயி ஒரு படி தவிடு கேட்டா. பசிக்குக் கேக்கான்னு அவரே அளந்து போட்டாரு. இவ பிள்ளைய அவரு காலடியில வச்சிட்டுத் தவிட்ட மடியில கட்டிக்கிட்டுத் திரும்பிப் பாக்காம நடந்துட்டா."

மாரியப்பன் சிரித்துவிட்டான். "தொரை என்ன செஞ்சாராம்?"

"பிள்ளையத் தூக்கி வச்சிக்கிட்டு முழிச்சாராம். சமையக்காரன் வெளங்க வச்சான். சாயங்காலம் அன்னம் போயி, 'பால் குடுக்கதுக்கு மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன், பிள்ள ஒம்ம பிள்ள, பேரும் ஒம்ம பேரு'ன்னா. பிள்ள பொழச்சிக்கிட்டு. ரோடு முடிஞ்சதும் தொரை போயிட்டாரு. தவிட்டத் திருப்பிக் குடுத்து மீக்கதுக்கு ஆளு இல்ல. அதனால இன்னைக்கு வர நாம அவரு பிள்ளைகதான். ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த அன்னைக்குத் தவிட்டுல போடுதோம்லா, சாவுக்கு ஞாபகப்படுத்தத்தான்."

ஈரத்துக்கு என்று நினைத்து என் மூன்று பிள்ளைகளையும் எட்டுப் பேரப்பிள்ளைகளையும் தவிட்டில் போட்டவன் நான். அது எதற்கு என்று எழுபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

சம்பந்தி லேசில் விடவில்லை. "கதை நல்லாருக்கும்மா. இத யாரு பாத்தா?"

"உங்க பூட்டன் பிறந்தத யாரு பாத்தா அண்ணாச்சி?" என்றாள் ஞானம். அவர் ஒரு ரம்புட்டானை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

பெயர் இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணிவிடலாம் என்றேன். அவள் தட்டில் ஆளுக்கு ஒரு ரம்புட்டானாக வைத்தாள். செங்கோட்டையில் இத்தனை, புளியரையில் இத்தனை, கொல்லத்தில் இரண்டு, என் பக்கத்து ஆட்கள். கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் வைத்தாள். "அவுகளுக்குப் பேரு மாறினாலும் தவிடு மாறாது." தட்டு நிரம்பி இன்னொரு தட்டு எடுத்தோம். நாற்பத்தொன்று. இங்கிலாந்தில் ஒரு கைக்குள் அடங்கும் பெயர் ஐந்தருவி ரோட்டில் தட்டு கொள்ளாமல் உருண்டது.

மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினோம். தென்காசியில் மாட்டுத்தீவனக் கடை வந்ததும் சம்பந்தி வண்டியை நிறுத்தச் சொன்னார். இரண்டு கிலோ தவிடு, அறுபது ரூபாய், துணிப்பையில் வாங்கி வந்தார். சிற்றாற்றுப் பாலத்தில் மறுபடியும் நிறுத்தச் சொன்னார்.

"சம்பந்தி, இதுக்கு ஒரு வழி தெரிஞ்சிருச்சு. தவிட்டத் திருப்பிக் குடுத்தா மீட்டாச்சுன்னு அந்தம்மாதான சொல்லிச்சு. ஆத்துல விட்டுருவோம். முறைப்படி பேரு கழண்டுரும். பத்திரிகையும் அச்சாயிரும். நம்ம ரெண்டு பேருக்கும் மரியாதை."

உண்மையில் நல்ல யோசனை. வியாபாரி மூளை. நான் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே புது வெள்ளம் சிவப்பாகப் போனது.

"மாட்டேன்" என்றேன். "வித்தது வித்ததுதான். வாங்குனவர் கையில குடுத்தா மீட்பு. ஆத்துல குடுத்தா அது ஏமாத்து. அவங்க ஆள்ல மிச்சம் ஒரு கை விரலுக்குள்ள, அவங்களுக்குப் பின்னால பேரத் தூக்க நாங்கதான் இருக்கோம்."

"அப்ப இந்தக் கதையையே எங்க சனத்துக்குச் சொல்லிருவோம். இப்பத்தான் பேருக்கு ஒரு கௌரவம் வந்துருச்சே."

அந்த இடத்தில்தான் எனக்கு ஏறியது. "கௌரவம் இப்ப வரல சம்பந்தி. காலையில உங்கள ஏத்தும்போதே இருந்துச்சு. அந்தத் தங்கச்சி வேற கதை சொல்லியிருந்தாலும், உங்க சனம் பேசுற கதையவே சொல்லியிருந்தாலும், பத்திரிகையில வெதர்லோன்னுதான் இருந்திருக்கும். பெத்தவ மேல ஒரு குத்தமும் இருந்திருக்காது. உங்களுக்கு அது ஆகாதுன்னா இங்கேயே சொல்லிருங்க. என் பேத்திய நானே சமாதானப்படுத்திக்கிடுறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளே ஜெபாவின் முகம்தான் நின்றது. அவள் அந்தப் பையனோடு போனில் பேசும்போது சிரிக்கும் சிரிப்பு எனக்குத் தெரியும். கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் வார்த்தையைத் திருப்பி வாங்கவில்லை.

சம்பந்தி என்னைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். சாரல் தூறலாகி வலுத்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தலைக்குப் போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். தவிட்டுப் பையைச் சுற்றி மூடினார்.

"நனைஞ்சாப் பூத்துப்போகும்" என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தார்.

கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி. பை அவர் மடியிலேயே இருந்தது. ராஜபாளையத்தில் அவர் இறங்கும்போது, எங்கள் வீட்டுக்கு ஆகுமே என்று கையை நீட்டினேன்.

"இருக்கட்டும் சம்பந்தி. எங்க வீட்டுலதான் அடுத்தாப்புல பிள்ளை பிறக்கணும். தட்டுல அதுக்கும் ஒரு பழம் உண்டுல்ல?"

அங்கிருந்தபடியே அச்சகத்துக்குப் போன் செய்தேன். பத்திரிகை இப்போது என் மேசையில் இருக்கிறது. வெதர்லோ என்ற எழுத்து கடைப் பலகையில் இருப்பது போலவே தடிமன். ஒரு பத்திரிகையை இங்கிலாந்துக்கு அந்தக் கிழவருக்கும் அனுப்பியிருக்கிறேன். பெயர் தன்னோடு முடிந்தது என்று சொன்னாராமே. யாரைக் கேட்டுச் சொன்னார்?