வீட்டில் காபி: இல்லை

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. என்ன ஆச்சு என்று விசாரித்துக் கார்டு போட்டவர்களுக்கு நன்றி. பெரிதாக ஒன்றுமில்லை. விழுந்துவிட்டேன்... அவ்வளவுதான்.

விழுந்தது திருவக்கரைக்குப் பக்கத்தில், ஒரு மல்லாட்டைக் கொல்லையில் — வேர்க்கடலை வயலில். நான் சர்வேயர் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எல்லைக்கல்லைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். கொல்லை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, முகத்தில் வந்து விழுந்த தண்ணீர்தான்.

"சார்... சார்... கண்ணத் தொறங்க சார். இன்னா சார், எங்களப் போயி பேஜாரு பண்றீங்க!" கொல்லைக்காரர் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தூக்குவாளியிலிருந்து ஒரு டம்ளரில் காபி ஊற்றி நீட்டினார்.

"ஒரு வாய் குடிங்க சார். தெம்பா இருக்கும்."

"வேண்டாம்மா. எனக்கு பிபி இருக்கு. நான் காபி குடிக்கிறதில்லை."

மண்ணில் மல்லாந்து கிடந்துகொண்டு இப்படிச் சொன்னேன். இந்த வாரம் எழுதப்போவது அந்தப் பதிலைப் பற்றித்தான்.

எட்டு மாதத்துக்கு முன்பு எனக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்தது. திண்டிவனத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து பழக்கமான டாக்டர். நான் விழுப்புரத்துக்கு வந்த பிறகும் அவரை மாற்றவில்லை. அரை மாத்திரையில் ஆரம்பித்தார். "காபியைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்றார்.

குறைப்பதா? எனக்கு அரைகுறை பிடிக்காது. அடியோடு நிறுத்திவிட்டேன். பிபி பார்க்க மெஷின் ஒன்று வாங்கினேன். நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன் — தேதி, மணி, மேல் அளவு, கீழ் அளவு, மாத்திரை, ஊறுகாய், நடை. கடைசிக் கட்டத்துக்கு 'வீட்டில் காபி' என்று தலைப்பு எழுதினேன்.

ஏன் 'வீட்டில்' என்று எழுதினேன்? அன்றைக்கு யோசிக்கவில்லை. ஆபீசில் டீதான், காபி வீட்டில்தான். அதனால் எழுதியிருப்பேன். பின்னால் அந்தச் சொல் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

என் மனைவி விஜயாவுக்குக் காபி இல்லாவிட்டால் பொழுது விடியாது. அவளும் நிறுத்திவிட்டாள். "நீங்க குடிக்காதப்போ எனக்கு மட்டும் இன்னாத்துக்கு? வாசனை அடிச்சா உங்களுக்கு மனசு கெட்டுப் போவும்" என்று பில்டரைக் கழுவித் துடைத்து மேல் அலமாரியில் ஏற்றினாள். முதல் வாரம் முழுக்கத் தலைவலி. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமைத்தாள். அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே ஒரு காபிக் கடை. முதல் மாதம் கடையைத் தாண்டிப் பத்தடி போனேன். திரும்பி வந்தேன். மாதத்துக்கு ஒன்றுதானே... குடித்துவிட்டு ஐந்து நிமிடம் வேகமாக நடந்தால் கிளினிக்.

அங்கே நர்ஸ் சகாயமேரி. கையில் பட்டையைச் சுற்றும்போதே கேட்பார்.

"சார், வூட்ல காபி கீபி குடிச்சிட்டு வந்தீங்களா?"

"வீட்டில் இல்லை சிஸ்டர்."

இது பொய்யா? சொல்லுக்குச் சொல் உண்மை. வேண்டுமானால் என் நோட்டைப் பாருங்கள்.

அன்றைக்கு நூற்றைம்பத்திரண்டு. அரை மாத்திரை ஒன்றானது. அடுத்த மாதமும் அதே கடை, அதே கேள்வி, அதே பதில். நூற்றைம்பது. வீட்டில் பார்த்தால் நூற்றிருபத்திநாலுதான் காட்டுகிறது என்று நோட்டைப் பிரித்து டாக்டரிடம் நீட்டினேன். "உங்க மெஷின் சரியில்லையோ?" என்றார். விழுப்புரத்தில் வாங்கிய கடைக்கே போய்ச் சண்டை போட்டு வேறு மெஷின் மாற்றி வந்தேன். அதுவும் அதையேதான் காட்டியது. நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு எழுதினேன் — 'மெஷினை நம்ப வேண்டாம்.' போன மாதத்தில் ஒரு மாத்திரை இரண்டானது.

பாருங்கள்... மெஷின் மேல் சந்தேகம் வந்தது. நடுவில் டாக்டர் மேல்கூட வந்தது. அந்த டம்ளர் மேல் மட்டும் வரவில்லை.

அப்புறம்தான் மல்லாட்டைக் கொல்லை.

விழுந்து நான்காம் நாள் முதல் சனிக்கிழமை. "நானும் வர்றேன்" என்று கிளம்பினாள் விஜயா. "அந்த டாக்டர ரெண்டு வார்த்தை கேக்கணும். மாத்திரை மேல மாத்திரையா ஏத்திக்கினே போனா இன்னா அர்த்தம்? ஆளு நடுக்கொல்லையில உயுந்து கெடக்கறாரு. கல்லுல தலை பட்டிருந்தா?" பஸ்ஸில் வழி முழுக்க அதே பேச்சு. நான் ஜன்னல் வழியாகப் புளியமரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

திண்டிவனத்தில் இறங்கியதும் காபிக் கடைக்கு மறுபக்கமாக நடையைக் கட்டினேன். விட்டார்களா?

"சார்... சர்வேயர் சார்! இன்னா, பாக்காத மாதிரியே போய்க்கினு இருக்கீங்க? டிகாஷன் தூக்கலா, சக்கரை கம்மியா... போட்டாச்சு, வாங்க!"

காபி மாஸ்டர். விஜயா நின்றுவிட்டாள். "உங்களயா கூப்புடறாரு?"

"வேற யாரையோ..." என்று இழுத்தேன். அதற்குள் அவர் டம்ளரோடு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"வேற யாரும்மா? மொத சனிக்கெழமன்னா கரெக்டா வந்துருவாரு. வாட்ச் மாதிரி ஆளு!"

அவர் பெருமையாகத்தான் சொன்னார். ஒழுங்கானவன் என்று நான் சம்பாதித்து வைத்த பெயர் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது அன்றைக்குத்தான்.

விஜயா என்னைத் திட்டவில்லை. மாஸ்டர் கையிலிருந்து அந்த டம்ளரை வாங்கினாள். அங்கேயே நின்று, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். எட்டு மாதத்துக்கு அப்புறம் ஒரு காபி! நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா இருக்குங்க" என்று டம்ளரை அவரிடம் கொடுத்தாள். விடுவிடுவென்று நடந்தாள். டாக்டரைக் கேட்க வைத்திருந்த கேள்விகளையும் அதோடு விட்டுவிட்டாள் என்று அவள் நடையிலேயே தெரிந்தது.

கிளினிக்கில் சகாயமேரி பட்டையைச் சுற்றினார். "சார், வூட்ல காபி கீபி..."

"சிஸ்டர்" என்றாள் விஜயா. "வூட்லன்னு கேக்காதீங்க. எங்கியாவது குடிச்சாரான்னு கேளுங்க."

சகாயமேரி என்னைப் பார்த்தார். "இன்னா சார்?"

"இன்னைக்கு எங்கேயும் இல்லை."

"போன மாசம்?"

"பஸ் ஸ்டாண்டில்."

"அதுக்கு முந்தின மாசம்?"

"...பஸ் ஸ்டாண்டில்."

"அட, ஏசுவே!" என்று பம்பை அழுத்தினார். பாதரசம் ஏறி, மெல்ல இறங்கியது. நூற்றுப் பன்னிரண்டு. காலையில் என் மெஷின் காட்டியதும் கிட்டத்தட்ட அதுதான்.

டாக்டர் கோபப்படவில்லை. என் நோட்டை வாங்கிப் புரட்டினார். "காபி குடிச்சதுகூடப் பரவாயில்ல சார். குடிச்சிட்டு, வேக வேகமா நடந்து வந்து, நேரா கைய நீட்டுனீங்க பாருங்க... இத்தனை மாசமா நான் உங்களுக்கு மாத்திரை கொடுக்கல. அந்த டம்ளருக்குக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். மாத்திரை அதிகமாகி பிரஷர் இறங்கினதாலதான் குனிஞ்சு நிமிந்ததும் விழுந்துட்டீங்க."

மாத்திரை பழையபடி அரை ஆனது. காலையில் ஒரு காபி குடிக்கலாம், அளவு பார்ப்பதற்கு முன்னால் அரை மணி நேரமாவது காபி கூடாது, இரண்டு வாரம் நோட்டைக் கவனிக்க வேண்டும் என்றார். இது எனக்குச் சொன்னது. உங்களுக்கு என்ன என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் கேட்கும்போது, கேட்ட கேள்விக்கு மட்டும் அளந்து பதில் சொல்லிவிட்டு வராதீர்கள்.

என் தொழிலில் ஒன்று பார்த்திருக்கிறேன். நிலம் அளக்கும் சங்கிலி தப்பு செய்வது அபூர்வம். தகராறெல்லாம் கல்லில்தான். எல்லைக்கல்லை ஒரு முழம் நகர்த்தி நட்டுவிட்டு, "நல்லா அளந்து பாருங்க சார், கரெக்டா இருக்கும்" என்பார்கள். அளவு கரெக்டாகத்தான் வரும். நிலம்தான் வேறு ஆளுடையதாக இருக்கும். அப்படிப்பட்ட எத்தனை பேரிடம் சத்தம் போட்டிருப்பேன்! என் நோட்டில் நானே ஒரு கல்லை நகர்த்தி நட்டிருக்கிறேன் — ஒரே ஒரு சொல் அளவுக்கு.

அந்தக் கொல்லைக்காரர் மனைவியிடமும் ஒருநாள் போய் உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அலமாரியிலிருந்து பில்டர் இறங்கியிருந்தது. மேஜையில் இரண்டு டம்ளர். கையை நீட்டினேன். விஜயா என் டம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, நோட்டை என் பக்கம் தள்ளினாள். தலைப்பில் இருந்த 'வீட்டில்' என்பதை அடித்தேன். இத்தனை நாளில் அந்த நோட்டில் விழுந்த முதல் அடித்தல்.

"குடிச்சிட்டு எழுதறேனே..."

"எழுதிட்டுக் குடிங்க."